பாவனை வண்டியும் பழகும் உடலும்

சென்ற கோடை விடுமுறையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியோடு இப்பாடத்தைத் தொடங்குகிறேன்.

என் அக்காள் மகளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியது. "சித்தி, நான் கார் ஓட்டப் பழகப் போகிறேன். நீங்களும் துணைக்கு வாருங்கள்" என்றாள். பன்னிரண்டு ஆண்டுகளாகக் கார் ஓட்டி வருபவள் நான். ஆகவே சற்றுப் பெருமையோடுதான் உடன் சென்றேன்.

பயிற்சிப் பள்ளியில் முதல் நாளே அவளைக் காரில் ஏற்றவில்லை. ஓர் அறைக்குள் அழைத்துச் சென்று சிமுலேட்டர் என்னும் பாவனை வண்டியில் உட்கார வைத்தார்கள். காரில் உள்ளது போன்ற இருக்கை, ஸ்டியரிங், கியர் கம்பி, காலடியில் கிளட்ச், பிரேக், ஆக்சிலேட்டர் ஆகிய எல்லாம் அதில் இருந்தன. சக்கரம் மட்டும் இல்லை. எதிரே மூன்று திரைகள். அவள் ஆக்சிலேட்டரை மிதித்ததும் திரையில் சாலை ஓடத் தொடங்கியது. முதலில் வண்டி இடமும் வலமும் தள்ளாடியது. கால் மணி நேரத்தில் ஓரளவு நேராக ஓட்டிவிட்டாள்.

"மேடம் அனுபவசாலி, நீங்களும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்" என்றார் பயிற்சியாளர். நானும் உட்கார்ந்தேன். முதல் திருப்பத்திலேயே வண்டி நடைமேடைமீது ஏறிற்று. சிக்னலில் நிறுத்தப் பிரேக்கை மிதித்தால், கோட்டுக்கு வெகு முன்னாலேயே வண்டி குத்திட்டு நின்றது. அடுத்த சிக்னலில் கோட்டைத் தாண்டிச் சென்று நின்றது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போவதாக நான் எண்ணியிருக்க, வேகமானியோ எழுபதைக் காட்டியது. பத்து நிமிடத்தில் நெற்றி வியர்த்து, வயிற்றைப் புரட்டி, தலை சுற்றத் தொடங்கியது. இறங்கிவிட்டேன். "வயதாகிவிட்டதல்லவா மேடம்" என்று பயிற்சியாளர் புன்னகைத்தார். அக்காள் மகளோ, "பன்னிரண்டு வருஷம் ஓட்டின இலட்சணமா இது, சித்தி?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவள் விளையாட்டாகக் கேட்டாள். ஆனால் அறிவியல் ஆசிரியையான எனக்கு அக்கேள்வி விளையாட்டாகத் தோன்றவில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தவர் பாவனை வண்டியில் ஏன் தடுமாறுகிறார்? அந்தத் தடுமாற்றம் எவ்வாறு மறைகிறது? மறைந்தபின் அவர் அங்கே ஓட்டுவதை உண்மையான ஓட்டம் என்று நம்பலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஆர்கன் பட்டறையில் பிறந்த பொறி

பாவனைப் பொறியின் கதை காரில் தொடங்கவில்லை, விமானத்தில் தொடங்கியது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிங்காம்டன் நகரில் எட்வின் லிங்க் என்பவரின் குடும்பம் ஆர்கன்களும் தாமாக இசைக்கும் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தது. நம் கோவிலில் ஆர்மோனியம் வாசிக்கும் மாணவிகள் துருத்தியின் வேலையை அறிவார்கள். காற்றை இழுத்தும் விட்டும் ஒலி எழுப்ப உதவும் அதே துருத்திகளைக் கொண்டு, ஒரு சிறு விமானக் கூண்டை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கலாமே என்று லிங்க் எண்ணினார். 1929-இல் அத்தகைய பொறியை உருவாக்கினார். விமானம் ஓட்டக் கற்க அக்காலத்தில் பெரும் பணம் வேண்டும். தவறு செய்தால் உயிரும் போகும். தரையிலேயே தவறு செய்து திருந்த ஓர் இடம் வேண்டும் என்பதே அவர் கருத்து.

தொடக்கத்தில் இதனை வாங்கியவை பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்களே. 1934-இல் நிலைமை மாறியது. அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் மூட்டைகளைக் கொண்டு செல்லும் பணியை ஏற்றனர். மேகமும் இருளும் சூழ்ந்த வானில் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பழக்கம் அவர்களில் பலருக்கு இல்லை. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டோர் விபத்துகளில் மாண்டனர். அதன் பின்னரே இராணுவம் லிங்கின் பொறிகளில் ஆறினை வாங்கிற்று. இரண்டாம் உலகப் போரின்போது இலட்சக்கணக்கானோர் இப்பொறியில் பயின்றனர்.

கார்களுக்குப் பெரிய பாவனைப் பொறிகள் பிற்காலத்தில் வந்தன. 1985-இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் டெய்ம்லர்-பென்ஸ் நிறுவனம் ஆறு நீரழுத்தக் கால்களின் மேல் நிற்கும் பெரிய கூண்டு ஒன்றை அமைத்தது. அதனுள்ளே காரும் அதன் எதிரே வளைந்த திரையும் இருந்தன. அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட பொறி இன்னும் பெரியது. 24 அடி விட்டமுள்ள கூண்டு 64 அடி நீளமும் 64 அடி அகலமும் உள்ள பரப்பில் நகர்ந்து செல்லும். ஓட்டுநரைச் சுற்றி நாற்புறமும் காட்சி தெரியும்.

நம் நாட்டிலும் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெறும் ஓட்டுநர் பயிற்சி மையங்களில் சிமுலேட்டரும் தனி ஓட்டப் பாதையும் இருக்கவேண்டும். ஆகவே இப்பாடம் வெளிநாட்டுச் செய்தி அன்று. இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் அந்த இருக்கையில் அமரப்போகிறவர்களே.

2. கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல

நாம் நகர்கிறோம் என்பதை எதனால் அறிகிறோம்? கண்ணால் என்று உடனே சொல்வீர்கள். அது பாதி விடையே. நம் காதின் உட்பகுதியில், கேட்கும் உறுப்புக்கு அருகில், அரைவட்டக் குழல்கள் மூன்று உள்ளன. அவற்றில் திரவம் நிரம்பியிருக்கிறது. தலை திரும்பும்போது குழலும் திரும்புகிறது. திரவமோ சற்றுப் பின்தங்குகிறது. அந்த வேறுபாட்டை நுண்ணிய மயிர்களை உடைய உயிரணுக்கள் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கின்றன. குழல்களின் அடியில் உள்ள இரு சிறு பைகளில் சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த ஏடு போன்ற பகுதி உண்டு. நேர்கோட்டில் வேகம் கூடினாலும் குறைந்தாலும், தலை சாய்ந்தாலும், அத்துகள்கள் நழுவிச் செய்தி அனுப்புகின்றன.

கண் தனியாக ஏமாறுவதும் உண்டு. இரயில் நிலையத்தில் நம் வண்டி நின்றுகொண்டிருக்கும். பக்கத்துத் தண்டவாளத்தில் உள்ள வண்டி மெல்ல நகரும். "நம் வண்டி புறப்பட்டுவிட்டது" என்று ஒரு கணம் எண்ணிவிடுகிறோம் அல்லவா? பாவனை வண்டி முழுவதும் இந்த ஏமாற்றத்தின் மேல்தான் கட்டப்பட்டுள்ளது. திரையில் சாலையும் மரங்களும் பின்னோக்கி ஓடுகின்றன. கண் "நான் போகிறேன்" என்கிறது. ஆனால் உட்செவி "நீ உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாய்" என்கிறது. இவ்விரு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்புகிறது. அதன் விளைவே வியர்வை, குமட்டல், கண் களைப்பு, தலைசுற்றல். மலைப்பாதைப் பேருந்தில் சிலருக்கு வரும் மயக்கத்திற்கும் இதற்கும் உறவு உண்டு. பேருந்தில் உள்ளே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உடல் அசைவது தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை. பாவனை வண்டியில் கண்ணுக்குத் தெரிகிறது, உடலுக்குத் தெரிவதில்லை.

1993-இல் இராபர்ட் கென்னடியும் அவருடன் பணியாற்றியோரும் இம்மயக்கத்தை அளக்க 16 அறிகுறிகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை வெளியிட்டனர். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அது பயன்படுகிறது.

இப்போது அக்காள் மகளின் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஹெலிகாப்டர் பாவனைப் பொறி ஒன்றில் ஒரு விந்தை காணப்பட்டது. அதில் பயின்ற புது மாணவர்களைவிட, கற்றுக்கொடுத்த அனுபவம் மிக்க ஆசிரியர்களே மிகுதியாக மயக்கமுற்றனர்! காரணம் எளிது. பல்லாண்டு ஓட்டியவரின் உடல், "இவ்வளவு திருப்பினால் இவ்வளவு சாய்வேன்" என்று எதிர்பார்த்து நிற்கிறது. அந்தச் சாய்வு வராதபோது ஏமாற்றமும் அவருக்கே பெரிது. புதியவருக்கு எதிர்பார்ப்பும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. ஆகவே என் தள்ளாட்டத்திற்கு வயது மட்டுமே காரணமன்று. என் பன்னிரண்டு ஆண்டு அனுபவமும் ஒரு காரணமே.

3. மூன்று தடுமாற்றங்கள்

பாவனை வண்டியில் அமரும் ஓட்டுநர் பொதுவாக மூன்று இடங்களில் தடுமாறுகிறார்.

முதலாவது, ஸ்டியரிங். உண்மைக் காரில் சக்கரம் சாலையைப் பற்றி நிற்கும் அழுத்தம் கைக்குத் தெரியும். வண்டி திரும்பும்போது உடல் பக்கவாட்டில் சாயும். பாவனை வண்டியில் இவை குறைவு. மேலும், கை திருப்பிய செய்தி கணிப்பொறிக்குச் சென்று திரையில் காட்சி மாறச் சிறிது நேரம் பிடிக்கும். நொடியின் ஒரு சிறு பகுதியே என்றாலும், வண்டி திரும்பவில்லை என்று எண்ணி ஓட்டுநர் மேலும் திருப்பிவிடுகிறார். பின்னர் அதைச் சரிசெய்ய எதிர்ப்புறம் மிகையாகத் திருப்புகிறார். வண்டி பாம்புபோல் நெளிகிறது.

இரண்டாவது, வேகம். வேகத்தைக் கடைக்கண்ணில் ஓடும் காட்சியாலும், காற்றின் இரைச்சலாலும், வண்டியின் அதிர்வாலும் சேர்ந்தே உணர்கிறோம். திரை குறுகியதாகவும் அதிர்வு இல்லாமலும் இருந்தால் வேகம் குறைவாகத் தோன்றும். எனவே ஓட்டுநர் தம்மை அறியாமலே விரைந்து ஓட்டுகிறார். எழுபதை நான் நாற்பதென்று எண்ணியது இதனால்தான்.

மூன்றாவது, பிரேக். மூன்றிலும் கடினமானது இதுவே. ஏன் என்பதை மேல்வகுப்பு மாணவிகள் ஒரு சிறு கணக்கின் மூலம் காணலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர். நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், வண்டி நிற்க ஏறத்தாழ ஐந்தரை நொடி ஆகும். அதற்குள் அது 46 மீட்டர் தூரம் ஓடியிருக்கும். பாவனை வண்டியின் கூண்டையும் அப்படியே நகர்த்தி அவ்வுணர்ச்சியைத் தரவேண்டுமானால் 46 மீட்டர் நீளமுள்ள கூடம் வேண்டும். அயோவாவின் பெரும்பொறிக்கே 64 அடி, அதாவது ஏறத்தாழ 20 மீட்டர்தான் இடம் உண்டு.

ஆகவே பொறியாளர்கள் ஓர் உபாயம் செய்தனர். கூண்டின் முன்பக்கத்தைக் கீழே சாய்த்துவிட்டால், புவியீர்ப்பு விசையே ஓட்டுநரை முன்னோக்கி இழுக்கும். திரையும் கூடவே சாய்வதால் அவர் சாய்ந்ததைக் கண் அறியாது. பிரேக் பிடித்ததாகவே உடல் எண்ணும். 3 மீட்டர் வீதக் குறைவை உணர்த்த ஏறத்தாழ 18 பாகை சாய்க்க வேண்டும். ஆனால் விரைந்து சாய்த்தால் அரைவட்டக் குழல்கள் கண்டுபிடித்துவிடும். நொடிக்கு 3 பாகைக்கு மேற்படாமல் மெல்லச் சாய்ப்பதே வழக்கம். அவ்வாறாயின் 18 பாகை சாய 6 நொடி வேண்டும். வண்டியோ ஐந்தரை நொடியில் நின்றே விட்டது! உணர்ச்சி வந்து சேர்வதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிடுகிறது. எத்துணை விலையுயர்ந்த பொறியாயினும் பிரேக்கின் உணர்ச்சியை முழுமையாகத் தர இயலாததன் காரணம் இப்போது விளங்கும். பயிற்சிப் பள்ளியில் உள்ள எளிய பொறியில் கூண்டே அசைவதில்லை. அங்கே கால் தானாகவே புதிய கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

4. உடல் எவ்வாறு பழகுகிறது?

உடலுக்கு இப்படிப் பழகும் ஆற்றல் உண்டு என்பதை அறிஞர் பலர் காட்டியுள்ளனர். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர், காட்சியைத் தலைகீழாக்கும் கண்ணாடியைத் தாமே அணிந்து பார்த்தார். 1897-இல் வெளிவந்த அவருடைய சோதனை 8 நாட்கள் நீடித்தது. முதல் நாள் ஒரு பொருளை எடுக்கக் கையை நீட்டினால் கை வேறிடம் சென்றது. நாட்கள் செல்லச் செல்லத் தடுமாற்றம் குறைந்து, பெரும்பாலான செயல்களை இயல்பாகச் செய்தார். கண்ணாடியைக் கழற்றியபின் மீண்டும் சிறிது நேரம் குழப்பம் இருந்தது. உடல் புதிய ஒழுங்கை உண்மையாகவே கற்றிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

இக்கல்வி நாம் பாடம் மனப்பாடம் செய்வது போன்றதன்று. கனடாவின் மான்ட்ரியல் நகரில் பணியாற்றிய பிரெண்டா மில்னர் என்னும் பெண் அறிஞர் இதனை அழகாக விளக்கினார். ஹென்றி மொலேசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்யப்பட்டது. அதன்பின் புதிதாக எதையும் நினைவில் வைக்க அவரால் இயலாமற் போயிற்று. மில்னர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டே அதன் கோடுகளுக்கிடையே வரையச் சொன்னார். மூன்று நாட்கள் இது நடந்தது. அதற்கு முன் வரைந்தது அவருக்கு நினைவே இல்லை. ஆயினும் அவர் கை நாளுக்கு நாள் தவறுகள் குறைந்து வரைந்தது! மனம் மறந்ததைக் கை மறக்கவில்லை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் இந்த வகைக் கல்வியைச் சேர்ந்தவை.

பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்னும் இரு உளவியலாளர்களின் 1967-ஆம் ஆண்டு நூல் இத்தகைய பழக்கத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. முதற்படியில் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் செய்கிறோம். இரண்டாம் படியில் தவறுகள் குறைந்து செயல்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் படியில் எண்ணாமலே செய்கிறோம். உண்மைக் காரில் நான் மூன்றாம் படியில் இருந்தவள். பாவனை வண்டி என்னை முதற்படிக்குத் தள்ளிவிட்டது. அக்காள் மகளோ எப்படியும் முதற்படியில்தான் இருந்தாள்.

பழகும் வேகத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதல் சில முயற்சிகளில் தவறுகள் மளமளவெனக் குறையும். பின்னர் முன்னேற்றம் சிறிது சிறிதாகவே வரும். இறுதியில் கோடு ஏறத்தாழச் சமமாக ஓடும். இதனை வரைபடமாக வரைந்தால் மலைச்சரிவு சமவெளியில் வந்து சேர்வது போல இருக்கும். அச்சமவெளியை அடைந்தவரையே பொறிக்குப் பழகியவர் என்று கொள்ளவேண்டும். "பழகிவிட்டதா?" என்று கேட்டு அவர் சொல்லும் விடையை மட்டும் நம்புதல் போதாது. இன்னொன்றும் உண்டு. ஸ்டியரிங்குக்குப் பழகியவர் பிரேக்கிற்கும் பழகிவிட்டார் என்று சொல்ல முடியாது. நேர்ச்சாலையில் பத்து நிமிடம் ஓட்டியவர் ஒரு சிக்னலிலும் நின்றிராவிட்டால், அவருடைய கால் இன்னும் புதிய கால்தான்.

5. பழகுமுன் அளந்தால் என்ன கேடு?

"பொறியில் தடுமாறினால் யாருக்கு என்ன நட்டம்?" என்று நீங்கள் கேட்கலாம். நட்டம் உண்டு. பாவனைப் பொறிகள் பயிற்சிக்கு மட்டும் அல்ல, ஆராய்ச்சிக்கும் பயன்படுகின்றன. கைப்பேசியில் பேசிக்கொண்டே ஓட்டினால் என்ன ஆகும், தூக்கமின்றி ஓட்டினால் என்ன ஆகும் என்பவற்றை உண்மைச் சாலையில் சோதித்துப் பார்க்க முடியுமா? பொறியில்தான் முடியும். அங்கே கிடைக்கும் முடிவுகள் கார்களையும் சாலைகளையும் சட்டங்களையும் மாற்றுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 1990-களின் தொடக்கத்தில் பெர்லின் பொறியில் ஓட்டுநர்களின் எதிரே திடீரென ஆபத்து தோன்றச் செய்து சோதித்தனர். பெரும்பாலோர் பிரேக்கை விரைந்து மிதித்தனர். ஆனால் போதிய அழுத்தத்தோடு மிதிக்கவில்லை. இதைக் கண்ட பொறியாளர்கள், கால் விரைந்து மிதிப்பதைக் கொண்டே அவசரத்தை உணர்ந்து, முழு அழுத்தத்தையும் தானே கொடுக்கும் துணைக்கருவியை ஆக்கினர். 1996-இல் அது மெர்சிடிஸ் கார்களில் முதன்முதலாக வந்தது. பின்னர் மற்ற நிறுவனங்களின் கார்களிலும் பரவியது.

சற்றுச் சிந்தியுங்கள். பொறிக்குப் பழகாதவர் பிரேக்கைத் தவறாக மிதிப்பார் என்று மேலே கண்டோம். அப்படியானால், அவசரத்தில் ஒருவர் மென்மையாக மிதித்தது மனித இயல்பா, அல்லது பொறி புதிது என்பதாலா? ஓட்டுநரைப் போதிய அளவு பழக்கிய பின்னரே இந்த வினாவிற்கு நேர்மையான விடை கிடைக்கும். பழக்காமல் அளந்தால், மனிதரின் குறையையும் பொறியின் குறையையும் ஒன்றாகக் கலந்து அளந்தவர்கள் ஆவோம். துலாக்கோலின் முள் நடுவில் நிற்குமுன் சரக்கை நிறுப்பது போன்றது அது.

1982-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிளாவ் என்னும் ஆய்வாளர் பாவனைப் பொறியின் ஓட்டத்தையும் உண்மைக் காரின் ஓட்டத்தையும் ஒப்பிட்டு, ஒரு பயனுள்ள வேறுபாட்டை எடுத்துரைத்தார். இரண்டிலும் அளவுகள் ஒன்றாகவே இருந்தால் அது முழு ஒப்புமை. அளவுகள் வேறுபட்டாலும் ஏற்ற இறக்கங்கள் ஒரே திசையில் இருந்தால் அது சார்பு ஒப்புமை. பொறியில் எல்லாரும் சற்று விரைந்தே ஓட்டினாலும், வளைவு வந்ததும் உண்மைச் சாலையில் போலவே வேகத்தைக் குறைத்தால், வளைவைப் பற்றிய பாடத்தை அப்பொறியிலிருந்து கற்கலாம். ஆனால் "இத்தனை கிலோமீட்டர் வேகமே சரி" என்ற எண்ணை அதிலிருந்து எடுத்துவிடக் கூடாது.

நாம் கவனிக்க வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பாவனை வண்டியின் மயக்கம் முதியோரையும் பெண்களையும் மிகுதியாகத் தாக்குவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. மயக்கமுற்றவர் பாதியில் எழுந்து போய்விடுகிறார். அவருடைய கணக்கு ஏட்டில் ஏறுவதில்லை. அவ்வாறு பலர் எழுந்து போய்விட்டால், எஞ்சியவர்களைக் கொண்டே முடிவு எழுதப்படும். அம்முடிவைக் கொண்டு செய்யப்படும் காரில் நம் தாய்மாரும் பாட்டிமாரும்தான் போகவேண்டும். ஆகவே எழுந்து போனவரை "இவருக்குத் தெம்பில்லை" என்று தள்ளிவிடாமல், சிறு சிறு நேரமாக, இடைவெளி விட்டு, தேவையானால் வேறொரு நாள் வரச்சொல்லிப் பழக்குவது ஆராய்ச்சியாளரின் கடமையாகும். எல்லாரும் ஒரே நாளில் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதை வகுப்பறையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

6. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மூன்று நாள் பாவனை வண்டியில் ஓட்டிய பிறகு அக்காள் மகள், "இனி ரோட்டிலேயே ஓட்டிவிடலாம் சித்தி" என்றாள். நான்காம் நாள் உண்மைக் காரில் ஏறினாள். கிளட்சை விட்டதும் வண்டி துள்ளி நின்றது. மீண்டும் கிளப்பினாள், மீண்டும் நின்றது. பின்னால் வந்த பேருந்து ஹாரன் அடித்தது. அவள் கைகள் நடுங்கியதைப் பின் இருக்கையிலிருந்து பார்த்தேன். வீடு திரும்பும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. இரவு உணவின்போது, "அங்கே மோதினால் திரை சிவப்பாகும், அவ்வளவுதான். இங்கே ஓர் ஆள் இருக்கிறார், சித்தி" என்று மெல்லச் சொன்னாள். நான் எழுத நினைத்த பாடம் முழுவதையும் அவ்வொரு வாக்கியத்தில் அவள் சொல்லிவிட்டாள்.

ஆனால் பாவனை வண்டி பயனற்றது என்று எண்ணிவிடாதீர்கள். எதற்குப் பின் எதைச் செய்வது என்னும் வரிசை, கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம், மறைவிலிருந்து குழந்தை ஓடிவரக்கூடும் என்று முன்கூட்டி எதிர்பார்க்கும் அறிவு ஆகியவை பொறியிலிருந்து சாலைக்கு வந்து சேரும். இரவு, மழை, டயர் வெடித்தல் போன்றவற்றை உயிருக்கு அஞ்சாமல் அங்கே சந்தித்துப் பார்க்கலாம். வண்டியின் எடை, கிளட்சு பிடிக்கும் இடம், பிரேக்கின் அளவு, பிறர் உயிரைப் பற்றிய பொறுப்பு ஆகியவற்றைச் சாலைதான் கற்றுத்தர வேண்டும். ஒன்றிற்குப் பழகியவர் மற்றொன்றிற்கும் தனியே பழகவேண்டும். பெற்றோர் இதனை மனத்தில் கொள்ளவேண்டும். "சிமுலேட்டரில் பத்து மணி நேரம் ஓட்டியிருக்கிறாளே" என்று கருதி, அருகில் ஆளின்றிச் சாவியைக் கொடுத்துவிடக் கூடாது.

பொறியிலிருந்து இறங்கியதும் உடனே வண்டி ஓட்டுவதும் நல்லதன்று. ஸ்ட்ராட்டன் கண்ணாடியைக் கழற்றியபின் தடுமாறியதை நினைவுகூருங்கள். சிலருக்குச் சிறிது நேரம் தலை இலேசாகவும் நடை நிலையற்றும் இருக்கும். பாவனைப் பொறியில் பயின்றபின் குறிப்பிட்ட நேரம் வரை விமானம் ஓட்டலாகாது என்ற விதி சில விமானப் படைகளில் உண்டு. அன்று நானும் அரைமணி நேரம் வெளியில் அமர்ந்து, ஒரு சோடா குடித்துவிட்டுத்தான் வீட்டிற்கு வண்டியை எடுத்தேன்.

அடுத்த வாரம் நான் மீண்டும் அந்தப் பொறியில் அமர்ந்தேன். ஐந்து நிமிடம் ஓட்டுவது, இறங்கி இளைப்பாறுவது, மீண்டும் ஐந்து நிமிடம் ஓட்டுவது என்று செய்தேன். மூன்றாம் முறை வண்டி நேராக ஓடியது; தலையும் சுற்றவில்லை. பயிற்சியாளர் வியந்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் அல்லவா? அக்காள் மகளும் ஒரு மாதம் சாலையில் பழகி உரிமம் பெற்றுவிட்டாள். இப்போது என்னைக் கேலி செய்வதில்லை.

புதிய இடத்தில் ஒருவர் தடுமாறினால் அவருக்குத் திறமை இல்லை என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். பழகுவதற்கு நேரம் கொடுத்தபின் அளப்பதே நேர்மை. பாவனை வண்டிக்குப் பொருந்தும் இவ்வுண்மை, வேற்றூரிலிருந்து நம் வகுப்பில் வந்து சேரும் புது மாணவிக்கும் பொருந்தும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: முகம் பார்க்கும் கண்ணாடி, வெள்ளைத்தாள், பென்சில், கடிகாரம், இரண்டு தடித்த புத்தகங்கள்.

தாளில் ஒரு நட்சத்திரம் வரைக. அதனைச் சுற்றி அரை சென்டிமீட்டர் இடைவெளியில் மற்றொரு நட்சத்திரம் வரைக. தாளின் எதிரே கண்ணாடியை நிறுத்துக. புத்தகங்களை அடுக்கி, கை நேராகத் தெரியாதபடி மறைத்துக்கொள்க. கண்ணாடியில் மட்டும் பார்த்து இரு கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்டி ஒரு சுற்று வருக. எடுத்துக்கொண்ட நேரத்தையும், கோட்டைத் தொட்ட தவறுகளையும் தோழி ஒருத்தி குறித்துக்கொள்ளட்டும். பத்து முறை செய்து, முயற்சியின் எண்ணைக் கிடைக்கோட்டிலும் நேரத்தைச் செங்குத்துக் கோட்டிலும் குறித்து வரைபடம் வரைக. மறுநாளும் மூன்று முறை செய்க.

வினாக்கள்

1. உங்கள் வரைபடத்தில் சமவெளி எத்தனையாம் முயற்சியில் தொடங்குகிறது? உங்கள் தோழிக்கும் அதே எண்ணா?
2. வலக்கையால் பழகியபின் இடக்கையால் வரைந்தால், முதல் முயற்சியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறதா?
3. மறுநாள் முதல் முயற்சி, முதல் நாளின் முதல் முயற்சியைப் போல இருந்ததா, கடைசி முயற்சியைப் போல இருந்ததா?
4. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியை நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் குறைத்து நிறுத்த எத்தனை நொடி ஆகும்? எவ்வளவு தூரம் வேண்டும்? அயோவாவின் கூடம் அதற்குப் போதுமா?